குற்றம் சாட்டப்படாத மூவர், ஓராண்டுக் காவல்: மும்பை மலாட் வழக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

எந்த வழக்கு, ஏன்

விபச்சாரத்தைச் சட்டப்பூர்வமாக்கி, உரிமம் கொடுத்து, அரசே முறைப்படுத்தலாமா என்ற கேள்வி நம் நாட்டில் அவ்வப்போது கிளம்பி அடங்குகிறது. 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்றே, ஒழிக்க முடியவில்லையென்றால் சட்டப்பூர்வமாக்குவதுதானே என்ற பொருளில் ஒன்றிய அரசைக் கேட்டது. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் ஒரே அனுமானத்தோடு பேச்சைத் தொடங்குகிறார்கள்: இந்தத் தொழில் இந்தியாவில் இப்போது குற்றம் என்று. அது குற்றமல்ல. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தின் பேரில், தனியாக, பொது இடமல்லாத ஓரிடத்தில் பணத்துக்காக உறவு கொள்வதைத் தண்டிக்கும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பெண்ணை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஓர் இல்லத்தில் அடைத்து வைக்க வழி இருக்கிறது. அந்த வழி நடைமுறையில் எப்படித் திறக்கிறது என்பதை 2019-20இல் மும்பையில் நடந்த ஒரு வழக்கு படிப்படியாகக் காட்டுகிறது.

வழக்கில் வருபவர்கள் மூன்று இளம் பெண்கள். அவர்களுடைய பெயரோ சாதியோ இங்கே தேவையில்லை. நீதிமன்ற உத்தரவுகளில் வெளிவந்த நிகழ்வுகளும், அவற்றை இயக்கிய சட்டப் பிரிவுகளும் போதும்.

பின்னணி: சட்டம் எதைத் தண்டிக்கிறது

1950 மே மாதம் நியூயார்க்கில் இந்தியா கையெழுத்திட்ட ஓர் உடன்படிக்கையை நிறைவேற்ற 1956இல் ஒரு சட்டம் வந்தது. 1986இல் திருத்தப்பட்டு, ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. காவல் நிலையப் பேச்சில் 'ஐ.டி.பி. ஆக்ட்'.

பிரிவு 3, விபச்சார விடுதி நடத்துவதற்கு முதல் தடவை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கடுங்காவல் கொடுக்கிறது. பிரிவு 4, பிறருடைய விபச்சார வருமானத்தில் வாழ்வதைத் தண்டிக்கிறது. பிரிவு 5, ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு மூன்று முதல் ஏழாண்டு வரை. பிரிவு 7, கோயில், பள்ளி, ஹாஸ்டல், மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் பெண்ணுக்கும் வாடிக்கையாளருக்கும் மூன்று மாதம் வரை சிறை. பிரிவு 8, பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதற்கு ஆறு மாதம் வரை.

காகிதத்தில் இவை தரகருக்கும் விடுதிக்காரருக்கும் எதிரான பிரிவுகள். நடைமுறையில் இரண்டு இடங்களில் கத்தி பெண் பக்கம் திரும்புகிறது. முதலாவது, விபச்சார விடுதி என்பதற்குச் சட்டம் தரும் வரையறை. இன்னொருவர் லாபத்துக்காக நடக்கும் இடம் மட்டுமல்ல, இரண்டு பெண்கள் தங்கள் பரஸ்பர லாபத்துக்காகப் பயன்படுத்தும் அறையும் விடுதிதான். பாதுகாப்புக்காக இரண்டு பேர் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தாலே பிரிவு 3 வந்துவிடும். இரண்டாவது, பிரிவு 4இல் உள்ள அனுமானம். தொழில் செய்யும் பெண்ணோடு வசிப்பவர் அவள் வருமானத்தில் வாழ்கிறார் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். வயதான தாயும் 18 தாண்டிய மகனும் இதற்குள் அடங்கிவிடுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெண்மேல் வழக்கு இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, மீட்கப்பட்டவரை ஓர் இல்லத்தில் வைக்க அதிகாரம் தரும் பிரிவு 17. இந்த வழக்கு முழுவதும் அதைச் சுற்றித்தான்.

சோதனை

2019 செப்டம்பரில், மலாட் பகுதியில் ஒரு தங்கும் விடுதிக்குப் பெண்களை வரவழைத்துத் தரகர் ஒருவர் தொழில் நடத்துகிறார் என்று மும்பைக் காவல்துறைக்குத் தகவல் வந்தது. போலி வாடிக்கையாளர் ஒருவரை அனுப்பிப் பொறி வைத்தார்கள். தரகர் சிக்கினார். விடுதியில் இருந்த மூன்று பெண்கள் 'மீட்கப்பட்டார்கள்'. மூவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள், உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள்.

இப்படிப்பட்ட ரெய்டு எப்படி நடக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் பிற்பாடு வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். டம்மி கஸ்டமர் கையில் கொடுக்கும் ரூபாய் நோட்டுகளின் எண்களைப் புறப்படுவதற்கு முன்பே எழுதி வைத்துச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவார்கள். பணம் தரகர் கைக்குப் போனதும் மிஸ்டு கால் போன்ற ஒரு சைகை. உள்ளே நுழைந்த பின் அதே எண்ணுள்ள நோட்டுகள் யாரிடம் இருந்தன என்பது பஞ்சநாமாவில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் சோதனைக் குறிப்பில், ஏறும். நம் ஊரில் அதற்கு மகஜர் என்று பெயர். அந்த ஒரு வரிதான் தரகரையும் பெண்ணையும் பிரித்துக் காட்டும். நோட்டு தரகரின் சட்டைப் பையில் கிடைத்தால் பிரிவு 4, 5 வலுவாகும். பெண்ணின் கைப்பையில் கிடைத்ததாக எழுதிவிட்டால், தரகர் தப்பிக்கிறார்.

வாரண்ட் இல்லாமல் சோதனை போடப் பிரிவு 15 அனுமதிக்கிறது, ஆனால் நிபந்தனைகள் உண்டு. இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரி தலைமை தாங்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர்களில் ஒருவராவது பெண். உடன் குறைந்தது இரண்டு பெண் காவலர்கள். மீட்கப்பட்ட பெண்ணை விசாரிப்பதும் பெண் காவலராகவே இருக்க வேண்டும். பிறகு பதிவு பெற்ற மருத்துவர் வயது, காயம், தொற்று ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். எலும்புப் பரிசோதனையில் இரு பக்கமும் இரண்டாண்டு வித்தியாசம் வரலாம் என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 20 என்று ரிப்போர்ட் வந்தால் 18 முதல் 22 வரை என்று படிக்க வேண்டும். 19 என்று வந்தால் சிக்கல் ஆரம்பம். பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ கையில் இருந்தால் இந்தப் பேச்சே எழாது. ரெய்டில் பிடிபடும் பெண்ணிடம் அவை இருப்பதில்லை. ஊரில் பெட்டிக்குள் கிடக்கும்.

மூன்று வாரம் ஐந்து வாரமானது

செப்டம்பர் 13ஆம் தேதி மூவரும் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தப்பட்டார்கள். அவர் மூவரையும் தேவ்னாரில் உள்ள ஒரு மகளிர் விடுதியில் இடைக்காலக் காவலில் வைக்கவும், நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தரவும் உத்தரவிட்டார். இதுவரை நடந்தது சட்டப்படிதான். காவல்துறை சொன்ன தகவல் சரியா, பெண்ணின் வயது என்ன, பின்னணி என்ன, பெற்றோரோ கணவரோ பொறுப்பேற்கத் தகுந்தவர்களா என்று விசாரிக்கப் பிரிவு 17(2) சொல்கிறது. விசாரணை முடியும்வரை பாதுகாப்பில் வைக்கவும் 17(3) அனுமதிக்கிறது. தரகரோடு பிடிபட்ட பெண் அன்றைக்கே 'விருப்பத்தோடுதான் வந்தேன்' என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் நியாயமான வாதம். அவள் மேல் கடன் இருக்கலாம், குழந்தையை யாரோ பிடித்து வைத்திருக்கலாம். தரகரின் ஆள் நீதிமன்ற வராந்தாவிலேயே நிற்பதும் உண்டு.

அதற்காகத்தான் சட்டம் கொஞ்சம் அவகாசம் தருகிறது. ஆனால் அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு: உத்தரவு தேதியிலிருந்து மூன்று வாரம். அதற்குமேல் விசாரணையின் பேரில் யாரையும் காவலில் வைக்க முடியாது. செப்டம்பர் 13ஐக் கணக்கில் எடுத்தால் அக்டோபர் 4ஆம் தேதியோடு கெடு முடிகிறது. இறுதி உத்தரவு வந்ததோ அக்டோபர் மூன்றாம் வாரத்தில். இடைப்பட்ட சுமார் இரண்டு வாரம் அந்தப் பெண்கள் எந்த உத்தரவின் பேரில் உள்ளே இருந்தார்கள் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? நன்னடத்தை அலுவலர் பெண்ணிடம் பேசி முடித்தால் போதாது. வெளிமாநிலத்தில் இருக்கும் குடும்பத்தைப் பற்றியும் எழுத வேண்டும். தாய்மார்கள் ரயிலேறி வந்து சேர வேண்டும், அடையாளச் சான்று காட்ட வேண்டும். விடுதி, நீதிமன்றம், அலுவலர் மூன்று பேரும் தனித்தனிக் கோப்பு வைத்திருப்பார்கள். மூன்று வாரக் கெடு எந்தக் கோப்பின் மேலட்டையிலும் எழுதப்பட்டிருக்காது. இதே தாமதம் ஜாமீன் வழக்கில் நடந்தால் வழக்கறிஞர் அன்றைக்கே மனு போட்டிருப்பார். இந்தப் பெண்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அல்லர் என்பதால் அவர்களுக்கு ஜாமீன் என்ற ஒன்றே கிடையாது. கைதான தரகர் ஜாமீன் கேட்கலாம். அவரிடமிருந்து மீட்கப்பட்டவர் கேட்க முடியாது. இந்தச் சட்டத்தின் மிக விசித்திரமான பகுதி இதுதான்.

நடுவரின் முடிவும் அதன் காரணமும்

மகள்களை அனுப்பி வையுங்கள் என்று தாய்மார்கள் கேட்டார்கள். நடுவர் மறுத்தார். மூவரையும் உத்தரப் பிரதேசத்தில் உள்ள ஒரு பெண்கள் காப்பு இல்லத்தில் ஓராண்டு வைத்துப் பராமரிப்பும் தொழிற்பயிற்சியும் கொடுக்க உத்தரவிட்டார்.

அவர் சொன்ன காரணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்தப் பெண்கள் பிறந்த சமூகத்தில், பெண் வயதுக்கு வந்ததும் இந்தத் தொழிலுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு என்று நன்னடத்தை அலுவலரின் அறிக்கையிலிருந்து அவர் கண்டார். மகள்கள் என்ன செய்கிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே விட்டவர்களிடம் திருப்பி அனுப்பினால் மறுபடியும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள் என்பது அவருடைய கணிப்பு. குழந்தையாக இருக்கும்போதே இதில் தள்ளப்பட்டவர்கள் என்றால், இருபது வயதில் அவர்கள் சொல்லும் 'விருப்பம்' எவ்வளவு தூரம் விருப்பம் என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

கோளாறு இருந்தது அவர் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியில். 'பெற்றோர் தகுந்தவர்களா' என்பது சிறுமிக்குப் பொருந்தும் கேள்வி. வயது வந்த பெண்ணை யாரிடமும் ஒப்படைக்க வேண்டிய தேவையே இல்லை. அம்மாவிடம் போவதா, தோழியின் அறைக்குப் போவதா, வேறு ஊருக்கே போவதா என்று முடிவெடுப்பது அவள். பிரிவு 17இன் வாசகம் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெற்றோர், பாதுகாவலர், கணவர் ஆகியோரின் தகுதியை விசாரிக்கச் சொல்லும்போது அது சிறுமி, பெரியவர் என்று பிரிப்பதில்லை. இந்த விசாரணையில் உதவ ஐந்து பேர் குழு ஒன்றை, முடிந்தால் அவர்களில் மூவர் பெண்களாக, நடுவர் அழைக்கலாம் என்கிறது 17(5). 'அழைக்கலாம்' என்பதோடு சரி, கட்டாயமில்லை.

ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இல்லத்தில் வைக்க உத்தரவிட வழி தரும் 17(4) இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துத்தான் கேட்கிறது. காவல்துறைத் தகவல் சரியாக இருக்க வேண்டும். அந்த நபருக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்பட வேண்டும். முதலாவது நிரூபணமானால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த மாதிரி உத்தரவுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. தொழிற்பயிற்சி என்பதும் பெரும்பாலும் தையல்தான். ஊரில் குழந்தைக்கும் தாய்க்கும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர் ஓராண்டு உள்ளே இருந்தால், அந்த ஓராண்டுக்கு வீட்டு வாடகை, வட்டி, பள்ளிக் கட்டணம் எல்லாம் கடனாக ஏறும். வெளியே வரும் நாளில் அந்தக் கடனைத் தீர்க்க முன்பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேல்முறையீடு

திண்டோஷி செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். 2019 நவம்பர் 22ஆம் தேதி அது தள்ளுபடியானது. பிரிவு 17(6)இன்படி 17(4) உத்தரவுக்கு எதிரான முறையீட்டில் செஷன்ஸ் நீதிமன்றத்தின் முடிவே இறுதியானது. இன்னொரு மேல்முறையீடு கிடையாது. மிச்சம் இருந்தது அரசியலமைப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டும். நீதிமன்ற உத்தரவின் பேரில் அடைக்கப்பட்டிருப்பவருக்கு ஆட்கொணர்வு மனு பொதுவாக எடுபடாது.

இதற்கிடையே 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு

2020 செப்டம்பர் 24ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பிருத்விராஜ் சவான் இரண்டு கீழ்நீதிமன்ற உத்தரவுகளையும் ரத்து செய்து, மூவரையும் விடுவிக்கச் சொன்னார். அவர் சொன்னவற்றில் நான்கு விஷயங்கள் முக்கியம்.

விபச்சாரம் தன்னளவில் குற்றம் என்று சொல்லும் பிரிவோ, அதில் ஈடுபட்டதற்காக ஒருவரைத் தண்டிக்கும் பிரிவோ சட்டத்தில் இல்லை. வணிக நோக்கில் ஒருவரைச் சுரண்டுவது, பொது இடத்தில் தொழில் செய்வது, வாடிக்கையாளரை அழைப்பது ஆகியவையே குற்றம். இந்தப் பெண்கள் யாரையும் அழைத்ததாகவோ விடுதி நடத்தியதாகவோ பதிவில் ஒன்றும் இல்லை. அவர்கள் வயது வந்தவர்கள். விரும்பிய இடத்தில் வசிக்கவும், நாட்டில் எங்கும் போகவும், தங்கள் தொழிலைத் தாங்களே தேர்ந்தெடுக்கவும் அவர்களுக்கு அடிப்படை உரிமை உண்டு, ஆகவே காவலில் வைக்கும் முன் அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டிருக்க வேண்டும். கடைசியாக, உரிய நடைமுறையைப் பின்பற்றி இறுதி உத்தரவு பிறப்பிக்காமல் மூன்று வாரத்துக்குமேல் காவலில் வைக்க நடுவருக்கு அதிகாரம் இல்லை.

குறிப்பிட்ட ஒரு சமூகத்தில் பிறந்தார்கள் என்பது அவர்களை அடைத்து வைக்கக் காரணமாக உயர் நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

தீர்ப்பு சரியானதுதான். ஆனால் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஓராண்டுக் காவல் முடிய அப்போது மூன்றரை வாரம்தான் மிச்சம். முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் ஓராண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. சட்ட வரலாற்றில் இது பெண்களின் வெற்றி. அந்த மூவரைப் பொறுத்தவரை கீழ்நீதிமன்றம் விதித்த காலத்தில் பெரும்பகுதியை அவர்கள் அனுபவித்துவிட்டார்கள்.

அதற்குப் பின்

2022 மே 19ஆம் தேதி புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில உத்தரவுகளைப் பிறப்பித்தது. கொல்கத்தாவில் 1999இல் நடந்த ஒரு பாலியல் தொழிலாளியின் கொலையில் தொடங்கிய வழக்கு அது. 2011இல் நீதிமன்றமே அதைப் பொதுநல வழக்காக மாற்றிக் குழு ஒன்றை அமைத்திருந்தது. 2022 உத்தரவின்படி, விருப்பத்துக்கு மாறாகக் காப்பு இல்லங்களில் இருக்கும் வயது வந்த பெண்களை மாநில அரசுகள் கணக்கெடுத்து, காலக்கெடு வைத்து விடுவிக்க வேண்டும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளாகும் பாலியல் தொழிலாளிக்கு மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் எல்லா வசதியும் கிடைக்க வேண்டும். ஆனால் வயது வந்தவர் விருப்பத்தோடு செய்யும்போது காவல்துறை தலையிடக் கூடாது என்பது உள்ளிட்ட, அந்தக் குழுவின் சில பரிந்துரைகளுக்கு ஒன்றிய அரசு ஆட்சேபம் தெரிவித்தது. 'உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலைச் சட்டப்பூர்வமாக்கியது' என்று அப்போது வந்த தலைப்புச் செய்திகள் அவசரப்பட்டவை.

அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும், ரெய்டின்போது விடுதியில் இருந்தார் என்ற ஒரே காரணத்தால் ஒருவர்மேல் போட்ட வழக்கை ரத்து செய்தது. கீழ்நிலையில் என்ன மாறியது என்பதற்கு 2023இல் மும்பை முலுண்டில் நடந்ததைப் பார்க்கலாம். ரெய்டில் பிடிபட்ட 34 வயதுப் பெண்ணை நடுவர் ஓராண்டு காப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிட்டார். இம்முறை செஷன்ஸ் நீதிமன்றமே அதை ரத்து செய்தது. தவறைச் சரிசெய்யும் இடம் ஒரு படி கீழே இறங்கியது. தவறு நடக்கும் இடம் அப்படியே இருக்கிறது.

உரிமம் கொடுத்திருந்தால்?

இந்த மூவரின் நிலைமையை வெவ்வேறு சட்டங்களுக்குள் வைத்துப் பார்த்தால்தான் 'சட்டப்பூர்வமாக்கலாமா' என்ற கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கும்.

ஜெர்மனியில் 2017 ஜூலை 1 முதல் பதிவு கட்டாயம். 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை சுகாதார ஆலோசனை, பதிவு இரண்டாண்டு செல்லும். 21க்குக் கீழே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனை, பதிவு ஓராண்டுதான். புனைபெயரில் அட்டை வாங்கிக்கொள்ளலாம். விடுதி நடத்த அனுமதி வேண்டும். ஒழுங்கான ஏற்பாடுதான், ஆனால் 2022 இறுதியில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 28,000 பேர். உண்மையில் தொழிலில் இருப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு என்பது பொதுவான மதிப்பீடு. பதியாதவர்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். மலாட் பெண்கள் இந்த ஏற்பாட்டில் பதிவு செய்திருப்பார்களா? மாமியார் வீட்டுக்கோ எதிர்காலத்தில் பிறக்கப்போகும் பிள்ளைக்கோ தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கும்வரை மாட்டார்கள். பதியாத பெண்ணைச் சேர்த்துக்கொள்ளத் தரகர் எப்போதும் தயார்.

ஸ்வீடன் 1999 முதல் வாங்குபவரைத் தண்டிக்கிறது, விற்பவரைத் தண்டிப்பதில்லை. பெண்ணை அடைத்து வைக்கும் பேச்சே இல்லை என்ற அளவில் அது நம் பிரிவு 17ஐவிட மேல். ஆனால் வீட்டில் தொழில் நடப்பது தெரிந்தும் வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார். எனவே பெண்ணுக்கு வீடு கிடைப்பது கடினம்.

நியூசிலாந்து 2003இல் 60க்கு 59 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் குற்ற நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. நான்கு பேர் வரை சேர்ந்து, அவரவர் வருமானத்தை அவரவரே வைத்துக்கொண்டு தொழில் செய்தால் எந்தச் சான்றிதழும் வேண்டாம். அதற்குமேல் போனால், அல்லது ஒருவர் மேலாளராக இருந்தால், நடத்துபவர் சான்றிதழ் வாங்க வேண்டும். பதிவும் கண்காணிப்பும் பெண்மேல் இல்லாமல் நடத்துபவர்மேல் விழுகின்றன. இதன் பயன் 2014இல் தெரிந்தது: விடுதி நடத்துபவர் ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுத்தார் என்று ஒரு பாலியல் தொழிலாளி மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார், 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு கிடைத்தது. மற்ற வேலைகளில் இருப்பவர்களுக்குள்ள அதே பாதுகாப்பு இவருக்கும் உண்டு என்றது தீர்ப்பாயம். குறையும் உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தத் தொழில் செய்ய அங்கே தடை. அவர்களைச் சுரண்டுபவருக்கு அது வசதி.

உரிமம், பதிவு, மருத்துவப் பரிசோதனை என்ற யோசனை நமக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் அரசு 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்து பெண்களைப் பதிவு செய்யவும் கட்டாயப் பரிசோதனைக்கு வரவும் வைத்தது; நோய் இருந்தால் அடைத்து வைக்கும் மருத்துவமனை. படைவீரர்களின் ஆரோக்கியம்தான் அதன் கவலை. 1888இல் அது ரத்தானது. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டபோது ரத்த மாதிரி கொடுத்த பெண்களில் பலர் அரசு காப்பு இல்லத்தில் இருந்தவர்கள். தொற்று உறுதியான சிலர் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடப்படவில்லை. வழக்கு போட்ட பிறகுதான் கதவு திறந்தது. பரிசோதனையையும் பூட்டையும் ஒரே அலுவலகத்தின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி.

ஆகவே இந்த வழக்கை வைத்துப் பார்த்தால் உரிமம் கொடுப்பது முதல் வேலையல்ல. 17(4)இலிருந்து வயது வந்தவர்களை விலக்குவது, பரஸ்பர லாபம் என்ற சொற்களை விடுதி வரையறையிலிருந்து நீக்குவது, உடன் வசிப்பவர்மேல் விழும் அனுமானத்தை எடுப்பது என்ற மூன்று திருத்தங்கள் முன்னால் வர வேண்டும். சிறுமிகளையும் கட்டாயப்படுத்தப்பட்டவர்களையும் கடத்துவதற்கான தண்டனை இதனால் துளியும் குறையாது. அது இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. கடத்தல் நிரூபணமானால் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் அங்கே பொருட்டே அல்ல. சிறுமி உள்ளே வராமல் தடுக்க ரெய்டு மட்டுமே வழி என்பதும் இல்லை. கொல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில், பாலியல் தொழிலாளிகளின் அமைப்பான துர்பார் மகிளா சமன்வய கமிட்டி தன் சுய ஒழுங்குமுறைக் குழுக்கள் மூலம் புதிதாக வரும் பெண்ணிடம் பேசி, வயதில் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறது.

இதே நிலை மறுபடி வந்தால்

சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்க முடியாது. ரெய்டுக்குப் பின் பெண்ணுக்காக நிற்கும் வழக்கறிஞரோ தொண்டு அமைப்போ செய்ய வேண்டியவை இந்த வழக்கிலிருந்தே தெரிகின்றன.

முதல் நாளே வக்காலத்து பெண்ணின் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும். தரகருக்கு ஆஜராகும் வழக்கறிஞர் அதே வழக்கில் மீட்கப்பட்டவருக்கும் ஆஜராகக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2002இல் பிரேரணா வழக்கிலேயே சொல்லிவிட்டது. அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டால், பெண் சொல்வது எல்லாம் தரகர் சொல்லிக்கொடுத்ததாகவே கேட்கும். ஆள் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டு வாங்கலாம்.

வயதுச் சான்றைத் தாய் வரும்வரை காத்திருக்காமல் வாட்ஸ்அப்பிலாவது வரவழைத்து, அசல் பின்னால் வரும் என்று மனுவில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். பெண்ணின் விருப்பத்தை, தரகரோ காவலரோ பக்கத்தில் இல்லாமல், நடுவரே நேரில் பதிவு செய்யும்படி எழுத்தில் கேட்க வேண்டும். எங்கே தங்கப் போகிறாள், யார் வீடு, என்ன முகவரி என்று அதிலேயே இருந்தால், 'யாரிடம் ஒப்படைப்பது' என்ற கேள்விக்கு வேலை இல்லை. தாய் பெயரில் 'மகளை ஒப்படையுங்கள்' என்று மனு போடுவது இந்த வழக்கில் எதிர்மறையாகவே போனது. மனு பெண் பெயரிலேயே, 'என்னை விடுவியுங்கள்' என்று இருக்க வேண்டும்.

இடைக்கால உத்தரவு தேதியிலிருந்து 21ஆம் நாளைக் குறித்து வைத்து, அறிக்கை வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு விடுவிப்பு மனு தாக்கலாக வேண்டும். 17(4) உத்தரவு வந்துவிட்டால், பராமரிப்பும் பாதுகாப்பும் ஏன் தேவை என்பதற்கு எழுத்தில் காரணம் இருக்கிறதா, அந்தக் காரணம் அந்தப் பெண்ணைப் பற்றியதா அல்லது அவள் பிறந்த சமூகத்தைப் பற்றியதா என்று பார்த்து, 2020 தீர்ப்பையும் 2022 உத்தரவையும் இணைத்து செஷன்ஸ் நீதிமன்றம் போகலாம். போகும்போது காவலை நிறுத்தி வைக்கக் கோரும் இடைக்கால மனுவையும் அதே நாளில், அதே கட்டில் சேர்க்க வேண்டும். மேல்முறையீட்டை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால், வழக்கு ஜெயிக்கும் நாளில் ஓராண்டு கழிந்திருக்கும்.